ஏபிகே ஃபைலை எங்கிருந்து எடுப்பது? மூன்று போன்கள், மூன்று முடிவுகள்

போன மாதம் திருநெல்வேலியில் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா தன் போனை நீட்டி, "ஏப்பா, வண்டிக்கு ஏதோ ஃபைன் வந்திருக்காம், தொட்டா திறக்க மாட்டேங்குது, என்னன்னு பாரு" என்றார். வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதுவும் யாரோ தெரியாத எண்ணிலிருந்து இல்லை, அவரோடு முப்பது வருடம் வேலை பார்த்த நண்பரின் எண்ணிலிருந்து. வாகன அபராத ரசீது என்று பெயர் வைத்த ஃபைல், பெயரின் கடைசியில் ஏபிகே என்று முடிகிறது. அதாவது அது ரசீதே இல்லை, போனில் இன்ஸ்டால் ஆகக்கூடிய ஒரு செயலி. நண்பரின் போனில் ஏற்கெனவே புகுந்து, அங்கிருந்து அவருடைய தொடர்பில் இருக்கும் எல்லாருக்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டிருந்தது.

அப்பா போனில் அது திறக்காததற்குக் காரணம், இரண்டு வருடம் முன்பு நான் செட்டிங்ஸில் அணைத்து வைத்த ஒரே ஒரு சுவிட்ச். எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். அவர் போனில் அந்தச் சுவிட்ச் ஆன் ஆகியிருந்தது, இதே மாதிரி ஒரு ஃபைலால் போன வருடம் அவருடைய ஓய்வூதியக் கணக்கிலிருந்து ₹48,000 போய்விட்டது.

என் போனில் ஏழு செயலிகள் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்தவை. தினமும் பயன்படுத்துகிறேன், விடப்போவதும் இல்லை. அதனால் "வெளியே இருந்து எதையும் போடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. எனக்கு ஏன் சரி, அவருக்கு ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். கூடவே சென்னையில் இருக்கும் அக்கா மகள், "மாமா, ஐபோன்ல வெளியே இருந்து ஆப் போட முடியுமா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆக மூன்று போன்கள், மூன்று பேர். இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தேன், அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கையொப்பம் என்ற ஒரு விஷயம்

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால் இது புரிய வேண்டும், இது புரிந்தால் மீதி பாதி தானாகவே புரிந்துவிடும். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு செயலியும் ஒரு டிஜிட்டல் சாவியால் கையொப்பமிடப்பட்டுத்தான் வருகிறது. ஆனால் அந்தச் சாவி யாருடையது, அவர் நல்லவரா, சொல்லும் பெயர் உண்மையா என்பதையெல்லாம் ஆண்ட்ராய்டு இதுவரை பார்த்ததே இல்லை. அது பார்ப்பது ஒன்றைத்தான்: ஏற்கெனவே இருக்கும் செயலிக்கு அப்டேட் வந்தால், பழையதில் இருந்த அதே சாவியின் கையொப்பம் புதியதிலும் இருக்கிறதா? இல்லையென்றால் இன்ஸ்டால் செய்ய மறுத்துவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. முதல் தடவை உண்மையான செயலியைப் போட்டுவிட்டால், பிறகு யாரோ ஒருவர் அதே பெயரில் கலப்படம் செய்த அப்டேட்டைத் தந்தாலும் அது உள்ளே நுழையாது. முதல் தடவையே போலியைப் போட்டுவிட்டால், உங்களைக் காப்பாற்ற எந்த ஏற்பாடும் இல்லை, போலியின் அப்டேட்டும் போலியின் சாவியோடு ஒழுங்காக வந்து இறங்கும். ஆகவே ஆபத்து பெரும்பாலும் அந்த முதல் இன்ஸ்டாலில்தான் இருக்கிறது. எந்த வழி நல்லது என்ற கேள்வியை நான் இப்படித்தான் மாற்றிக்கொண்டேன்: முதல் தடவை வரும் ஃபைலுக்கு யார் பொறுப்பு, அதற்குப் பிறகு அப்டேட்டை யார் கொண்டுவந்து தருவார்?

பிளே ஸ்டோர்

எல்லார் போனிலும் இருப்பது, பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். அப்டேட் தானாக வருகிறது, மோசமான செயலி என்று பிறகு தெரிந்தால் கடையிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், உள்ளே பிளே புரொடெக்ட் என்ற கூகுளின் காவல் வசதி ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே இருந்து வரும் புது செயலியை இன்ஸ்டால் செய்யும் நேரத்திலேயே அதன் நிரலை ஆராயும் வசதியை 2023 அக்டோபரில் கூகுள் கொண்டுவந்தபோது முதலில் தந்தது இந்தியாவுக்குத்தான். இங்கே இந்த மோசடி எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் பிளே ஸ்டோர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் பத்திரம், மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்யப் பலரும் வைத்திருந்த கேம்ஸ்கேனர் நினைவிருக்கும், பத்து கோடிக்கும் மேல் டவுன்லோடு ஆன செயலி. அதில் விளம்பரத்துக்காகச் சேர்த்த ஒரு நிரல் பகுதியில் தீங்கு மென்பொருள் இருந்ததை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. ஒரு கோடிப் பேருக்கு மேல் வைத்திருந்த பார்கோடு ஸ்கேனர் என்ற இன்னொரு செயலி, வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்துவிட்டு 2020 டிசம்பரில் வந்த ஓர் அப்டேட்டில் கெட்டுப்போனது. கடை அதே கடை, செயலி அதே செயலி, கையொப்பமும் சரி. மாறியது உள்ளே இருந்த நிரல் மட்டும். அதனால் டார்ச், கால்குலேட்டர், க்யூஆர் ஸ்கேனர் மாதிரி போனிலேயே இருக்கும் வேலைகளுக்குத் தனிச் செயலி எதற்கு என்றுதான் நான் எல்லாரிடமும் கேட்கிறேன்.

பிறகு, அங்கே கிடைக்காதவை இருக்கின்றன. யூடியூப் வீடியோ பார்க்க உதவும் நியூபைப் பிளே ஸ்டோரில் இல்லை. லினக்ஸ் கட்டளைகளை போனிலேயே ஓட்டும் டெர்மக்ஸ் அங்கே இருந்தது, ஆனால் கூகுளின் புது விதிகளுக்கு அதன் அமைப்பு ஒத்துவராததால் 2020-க்குப் பிறகு பல வருடம் அங்கிருந்த பதிப்பு அப்டேட் இல்லாமல் கிடந்தது. போனுக்கும் கணினிக்கும் இடையே ஃபைல்களை நேரடியாக ஒத்திசைக்கும் சிங்க்திங்கின் ஆண்ட்ராய்டு செயலியைப் பராமரித்தவர், பிளே ஸ்டோரில் வெளியிடுவது கடினமாகிவிட்டது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி 2024 டிசம்பரோடு நிறுத்திக்கொண்டார், இப்போது அதன் கிளைப் பதிப்பு ஒன்றுதான் தொடர்கிறது. என் ஏழு செயலிகளில் மூன்று இவைதான். இவை இல்லாமல் என் வேலை நடக்காது.

எஃப்-டிராய்டு

திறமூலச் செயலிகளுக்கான, அதாவது எழுதிய நிரலை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் செயலிகளுக்கான கடை, 2010-லிருந்து இருக்கிறது. இதை நான் முதலிடத்தில் வைக்கிறேன், ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதையும் "வெளியே கிடைக்கும் ஏபிகே" என்ற ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

இங்கே செயலியை உருவாக்கியவர் தயாரித்த ஏபிகேயை அப்படியே வாங்கி வைப்பதில்லை. அவர் பொதுவில் வைத்திருக்கும் மூலநிரலை எடுத்து, எஃப்-டிராய்டு தன் கணினியில் தானே ஏபிகேயாகக் கட்டி, பெரும்பாலும் தன் சாவியாலேயே கையொப்பமிட்டுத் தருகிறது. வெளியில் ஒரு நிரலைக் காட்டிவிட்டு ஏபிகேயில் வேறொன்றைச் சேர்த்து அனுப்பும் வாய்ப்பு இதனால் அடைபடுகிறது. சில செயலிகளுக்கு இன்னும் ஒரு படி மேலே போய், தான் கட்டியதும் ஆசிரியர் கட்டியதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, ஒன்றாக இருந்தால் ஆசிரியரின் கையொப்பத்தோடேயே வெளியிடுகிறார்கள். செயலி விளம்பரம் காட்டினாலோ, உங்களைக் கண்காணித்தாலோ, கட்டணச் சேவை ஒன்றைச் சார்ந்திருந்தாலோ, அதைச் செயலியின் பக்கத்திலேயே வெளிப்படையாக எழுதி வைக்கிறார்கள். வேறு எந்தக் கடையிலும் இவ்வளவு நேர்மையாக எழுதி நான் பார்த்ததில்லை.

குறைகளும் உண்டு. ஆசிரியர் புதுப் பதிப்பை வெளியிட்ட பிறகு அது எஃப்-டிராய்டில் கட்டப்பட்டு வர சில நாட்கள் ஆகலாம். நோட்ஸ் செயலிக்கு அது பரவாயில்லை, ஆனால் பிரவுசரில் ஒரு பாதுகாப்பு ஓட்டை அடைபடும்போது அந்தச் சில நாட்கள் முக்கியம். அதனால் பிரவுசரை நான் பிளே ஸ்டோரிலிருந்துதான் எடுக்கிறேன். இன்னொன்று, பராமரிப்பு நின்றுபோன பழைய செயலிகளும் அங்கே கிடக்கும், கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பார்க்காமல் போடக் கூடாது. கையொப்பம் வேறு என்பதால் பிளே ஸ்டோர் பதிப்பிலிருந்து எஃப்-டிராய்டு பதிப்புக்கு அப்படியே தாவவும் முடியாது, பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், உள்ளே இருந்த தரவு போய்விடும். டெர்மக்ஸில் இது இன்னும் சிக்கல்: முதன்மைச் செயலியை எஃப்-டிராய்டிலிருந்தும் துணைச் செயலியை, உருவாக்குநர்கள் நிரலைப் பொதுவில் வைக்கும் தளமான கிட்ஹப்பிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இதில் செலவழித்திருக்கிறேன், நீங்கள் செலவழிக்க வேண்டாம். எடுக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள்.

ஆசிரியரிடமிருந்து நேரடியாக

சிக்னல் என்ற மெசேஜ் செயலி தன் தளத்தில் ஏபிகேயை வைத்திருக்கிறது, வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் வைத்திருக்கின்றன. திறமூலச் செயலிகள் பல கிட்ஹப்பில் வெளியாகின்றன. இதில் நடுவில் யாரும் இல்லை, அப்டேட் உடனே கிடைக்கும். நடுவில் யாரும் இல்லை என்பதால் தப்பு நடந்தால் தடுக்கவும் யாரும் இல்லை.

இங்கே ஆபத்து தளத்துக்குப் போகும் பாதையில் இருக்கிறது. தேடுபொறியில் செயலியின் பெயரைத் தட்டினால் மேலே முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம், பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறிய போலித் தளமாக இருக்கலாம், கிட்ஹப்பிலேயே அதே பெயரில் யாரோ திறந்த நகலாக இருக்கலாம். பிரவுசர் தரும் "இந்த ஃபைல் தீங்கு செய்யக்கூடும்" என்ற எச்சரிக்கையை நம்பி முடிவெடுக்க முடியாது. சிக்னலின் உண்மையான ஏபிகேக்கும் அதே வரிதான் வருகிறது, அப்பாவுக்கு வந்த போலி ரசீதுக்கும் அதே வரிதான் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி ஒலிக்கும் மணியை மனிதர்கள் சீக்கிரம் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நம்பலாமா என்று பார்க்கக் கையில் இருக்கும் நல்ல கருவி கையொப்பத்தின் கைரேகைதான், அதாவது அந்தச் சாவியை அடையாளம் காட்டும் நீண்ட எண்-எழுத்து வரிசை. சிக்னல் தன் தளத்தில், ஏபிகே டவுன்லோடு செய்யும் பக்கத்திலேயே, தன் கையொப்பச் சான்றிதழின் எஸ்எச்ஏ-256 கைரேகையை வெளியிட்டிருக்கிறது. ஆப்வெரிஃபையர் என்ற சிறு செயலியிலோ, கணினியில் ஆண்ட்ராய்டு உருவாக்குநர் கருவிகளோடு வரும் ஏபிகேசைனரிலோ இறக்கிய ஃபைலின் கைரேகையைப் பார்த்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிடலாம். இரண்டு நிமிட வேலை, முதல் தடவை மட்டும் செய்தால் போதும், அதற்குப் பிறகு ஒப்பிடுவதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். ஏபிகேயை வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்ப்பதும் நல்லதுதான், பல ஸ்கேனர்கள் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லும். ஆனால் நேற்று இரவு செய்து இன்று காலை அனுப்பிய போலியை அவை எதுவும் அறிந்திருக்காமல் இருக்கலாம், எல்லாம் பச்சை என்பதால் நல்லது என்று அர்த்தம் ஆகிவிடாது.

அப்டேட் விஷயத்தில் இந்த வழி சோம்பேறிகளைத் தண்டிக்கும். சிக்னல் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும், மற்ற பல செயலிகள் அப்படி இல்லை. ஒரு தடவை போட்டுவிட்டு இரண்டு வருடம் மறந்துபோன செயலி, ஓட்டையோடு உட்கார்ந்திருக்கும். ஒப்டைனியம் என்ற செயலியில் கிட்ஹப் முகவரியைக் கொடுத்து வைத்தால் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அது சொல்லும். அதைப் போட்ட பிறகுதான் இந்த வழியை நான் நிம்மதியாகப் பயன்படுத்துகிறேன்.

நகல் தளங்களும் அரோராவும்

புது அப்டேட் ஒன்று செயலியைக் கெடுத்துவிட்டால், பழைய பதிப்பு வேண்டும் என்று தேடும்போது ஏபிகே மிரர் போன்ற தளங்கள் கண்ணில் படும். 2014-லிருந்து இருக்கும் ஏபிகே மிரர், ஏற்றப்படும் ஃபைலின் கையொப்பத்தை முந்தைய பதிப்போடு ஒப்பிட்டுத்தான் வெளியிடுகிறது, கட்டணச் செயலிகளை வைப்பதில்லை. ஏற்கெனவே உண்மையான செயலி உங்கள் போனில் இருந்தால் போனும் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது, அதனால் இரண்டு காவல். பழைய பதிப்புக்கு இறங்க மட்டும் இருப்பதை நீக்கிவிட்டுப் போட வேண்டும், அப்போது போனின் காவல் இல்லை, தளத்தின் காவல்தான். எப்போதாவது தேவைப்பட்டால் இதை நான் பயன்படுத்துகிறேன். பெயர் தெரியாத மற்ற ஏபிகே தளங்களில், எது உண்மையான டவுன்லோடு பட்டன் எது விளம்பரம் என்றே தெரியாதவற்றில், கால் வைப்பதில்லை.

அரோரா ஸ்டோர் வேறு வகை. கூகுள் கணக்கு இல்லாமல், பொதுவான அநாமதேயக் கணக்கு வழியாக, பிளே ஸ்டோரில் இருக்கும் அதே ஃபைலை எடுத்துத் தருகிறது. ஃபைல் அசலானது, ஆனால் கூகுளின் விதிகளுக்கு இது ஒத்துவராது, சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. கூகுள் இல்லாமல் போன் வைத்திருப்பவர்களுக்கு இது தேவை, மற்றவர்களுக்கு அவசியமில்லை. போன்பே 2024 பிப்ரவரியில் தொடங்கிய இண்டஸ் ஆப்ஸ்டோர் மாதிரி கடைகளும் இருக்கின்றன. அவை பிளே ஸ்டோர் போலவே இன்னொரு வணிகக் கடை என்பதால் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை.

மோட் செயலிகள்

இதற்கு ஒப்பீடே வேண்டாம். ஜிபி வாட்ஸ்அப், கட்டணம் இல்லாமல் திறந்துவிட்ட பாட்டுச் செயலி, காசு குறையாத கேம் என்று டெலிகிராம் குழுக்களில் சுற்றுபவை எல்லாம் அசல் செயலியைப் பிரித்து, உள்ளே மாற்றி, வேறு யாரோ தன் சாவியால் கையொப்பமிட்டவை. மாற்றியவர் யார் என்று தெரியாது, வேறு என்ன சேர்த்தார் என்றும் தெரியாது. எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பில் ட்ரையடா என்ற தீங்கு மென்பொருள் இருந்ததை 2021-இல் காஸ்பர்ஸ்கி காட்டியது, அடுத்த வருடமே யோ வாட்ஸ்அப்பிலும் அதே வகை. வாட்ஸ்அப் மோடுக்கு எஸ்எம்எஸ் அனுமதியை யாரும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள், அசல் வாட்ஸ்அப்பும் கேட்குமே என்று. கூடுதலாக நான்கு தீம் கிடைக்கும் என்பதற்காக வீட்டுச் சாவியை யாரோ ஒருவரிடம் கொடுக்கும் வேலை இது. தயவுசெய்து வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே

வண்டி அபராதம், பி.எம். கிசான் தொகை, வங்கி ரிவார்டு பாயிண்ட், கேஒய்சி, கல்யாணப் பத்திரிகை என்று பெயர் மட்டும் மாறும், உள்ளே நடப்பது ஒன்றுதான். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இன்னொரு செயலியின் தரவைத் தொட முடியாது, ஒவ்வொன்றும் தனி அறையில் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் வங்கிச் செயலிக்குள் நேராக நுழைய முடியாத திருடர்கள் இரண்டு வாசல்களைக் கேட்கிறார்கள். ஒன்று எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி, ஓடிபி அதில்தான் வருகிறது. இன்னொன்று ஆக்சஸிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், அவர்களுக்குப் பதிலாகத் தொடவும் உருவாக்கிய வசதி அது. அது கிடைத்துவிட்டால் நீங்கள் பார்ப்பதையெல்லாம் அவர்களும் பார்க்கலாம், உங்கள் விரலுக்குப் பதிலாக அவர்கள் தொடலாம். கூடவே உங்களுக்கு வரும் அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிவிடுவதும் உண்டு, வங்கி உங்களைக் கூப்பிட்டு எச்சரித்தால் அதுவும் அவர்களுக்கே போகும்.

ஆண்ட்ராய்டும் சும்மா இருக்கவில்லை. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து "தெரியாத செயலிகளை இன்ஸ்டால் செய்யலாம்" என்ற அனுமதி போன் முழுவதற்கும் ஒன்றாக இல்லாமல், குரோமுக்குத் தனி, வாட்ஸ்அப்புக்குத் தனி, ஃபைல் மேனேஜருக்குத் தனி என்று பிரிக்கப்பட்டது. அப்பா போனில் நான் அணைத்தது வாட்ஸ்அப்புக்கான அந்தச் சுவிட்சைத்தான். ஆண்ட்ராய்டு 13-லிருந்து வெளியே இருந்து வந்த செயலிக்கு ஆக்சஸிபிலிட்டி எளிதில் கிடைக்காது, தனியாக ஒரு இடத்தில் போய்த் திறந்துவிட வேண்டும். ஆனால் கடைகள் இன்ஸ்டால் செய்யும் முறையிலேயே இன்னொரு திருட்டுச் செயலியை இன்ஸ்டால் செய்து, இந்தத் தடையைச் சுற்றிப் போகும் வகைகளும் வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு 14, மிகப் பழைய ஆண்ட்ராய்டுக்கு என்று எழுதப்பட்ட செயலிகளையே மறுக்கிறது, பழைய விதிகளில் ஒளிந்துகொள்ளும் திருட்டுச் செயலிகளைத் தடுக்க. 2024 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொடங்கி, அதே வருடம் அக்டோபரில் இந்தியாவுக்கும் அறிவித்த இன்னொரு ஏற்பாட்டில், பிரவுசர், மெசேஜ் செயலி, ஃபைல் மேனேஜர் வழியாக வரும் ஏபிகே எஸ்எம்எஸ்ஸோ நோட்டிஃபிகேஷனோ ஆக்சஸிபிலிட்டியோ கேட்டால் பிளே புரொடெக்டே தடுத்துவிடும். திருடன் போனில் பேசிக்கொண்டே "பிளே புரொடெக்டை அணைங்க சார்" என்று சொல்வதும் அதனால்தான். யாராவது அதை அணைக்கச் சொன்னால் அந்த இடத்திலேயே அழைப்பைத் துண்டியுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டால்? எதிர் வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு இதை வரிசையாக மனதில் வைத்திருக்கிறேன். முதலில் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையையும் அணைக்க வேண்டும். இன்னொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும், பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும் அந்த முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் நடுவழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. எதிர் வீட்டுக்காரர் கூச்சப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார், எனக்கு இன்றும் ஆறாதது அதுதான். அதற்குப் பிறகு போனை சேஃப் மோடில் திறந்து அந்தச் செயலியை நீக்கலாம். நீக்க விடவில்லையென்றால் செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து அங்கே அணைத்துவிட்டு நீக்க வேண்டும். ##002# என்று டயல் செய்தால் திருப்பிவிட்ட அழைப்புகள் ரத்தாகும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் பட்டியலைப் பார்த்துத் தெரியாததை வெளியேற்ற வேண்டும். கடவுச்சொற்களை வேறு போனில் உட்கார்ந்து மாற்ற வேண்டும், இந்த போனில் இல்லை. கடைசியாக, போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு போனை முழுவதுமாக ரீசெட் செய்துவிடுங்கள், நீக்கிவிட்டோமே என்று விட்டுவிட வேண்டாம்.

ஐபோன்

அக்கா மகளுக்குப் பதில் சுருக்கமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4-லிருந்து ஆல்ட்ஸ்டோர் போன்ற வேறு கடைகள் சட்டப்படி திறந்திருக்கின்றன. சென்னையில் அது இல்லை. இங்கே மீதி இருப்பது, தன் ஆப்பிள் கணக்கையே உருவாக்குநர் கணக்காக்கி, கணினி வழியாகத் தானே கையொப்பமிட்டுப் போடும் வழி. இலவசக் கணக்கில் அந்தக் கையொப்பம் ஏழு நாள்தான் செல்லும், ஒரே நேரத்தில் மூன்று செயலிகள்தான், வாராவாரம் புதுப்பிக்க வேண்டும். வருடத்துக்கு 99 டாலர் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. அவள் கேட்டது ஒரு போட்டோ எடிட்டரின் மோடுக்காக என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கூடவே ஒன்றைச் சொன்னேன்: "டெஸ்ட்ஃபிளைட்டில் (சோதனைப் பதிப்புகளுக்கான ஆப்பிளின் செயலி) போடுங்கள்", "இந்த ப்ரொஃபைலை நம்புங்கள்" என்று யாராவது முதலீட்டுச் செயலி அனுப்பினால், அது ஐபோன் என்பதால் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதே, போலி டிரேடிங் செயலிகள் ஐபோனுக்குள் வருவது அந்த வழியில்தான்.

வரப்போகும் மாற்றம்

2025 ஆகஸ்டில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டு போன்களில், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து வந்தாலும், அடையாளத்தைச் சரிபார்த்துக்கொண்ட உருவாக்குநரின் செயலி மட்டுமே இன்ஸ்டால் ஆகும் என்றும், 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி 2027-லிருந்து மற்ற நாடுகளுக்கும் வரும் என்றும் சொன்னது. இணையத்திலிருந்து நேரடியாக வருபவற்றில் பிளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கும் மேல் தீங்கு மென்பொருள் இருப்பதாக அவர்கள் காரணம் காட்டினார்கள். எஃப்-டிராய்டு உடனே எதிர்த்தது. தன் பெயரையும் அடையாள ஆவணத்தையும் ஒரு நிறுவனத்திடம் கொடுக்க விரும்பாத தன்னார்வலர்களின் செயலிகளை வைத்துத்தான் அந்தக் கடையே நடக்கிறது. எதிர்ப்புக்குப் பிறகு 2025 நவம்பரில், விவரம் தெரிந்தவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு போட்டுக்கொள்ளத் தனி வழி ஒன்று வைப்பதாக கூகுள் சொன்னது. எதிர் வீட்டுக்காரரின் ₹48,000-ஐ நினைத்தால் கூகுளின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் என் காசில் வாங்கிய போனில் எது ஓடலாம் என்று கேட்க ஒரே ஒரு வாசல்தான் இருக்கும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, அந்தத் தனி வழி சுலபமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்பதே என் நிலை. சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்கள் இதை முன்கூட்டியே கவனித்து, தாங்கள் பயன்படுத்தும் வெளிச் செயலிகளின் தரவை பேக்கப் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் எடுத்த முடிவு

என் போனில்: முதலில் எஃப்-டிராய்டு. அங்கே இல்லாததும் உடனடி அப்டேட் தேவைப்படுவதும் ஆசிரியரிடமிருந்து, கைரேகை ஒப்பிட்டு, ஒப்டைனியம் வழியாக. இன்ஸ்டால் அனுமதி இந்த இரண்டு செயலிகளுக்கு மட்டும், பிரவுசருக்கும் வாட்ஸ்அப்புக்கும் கிடையாது. வெளியே இருந்து வந்த எதற்கும் எஸ்எம்எஸ், ஆக்சஸிபிலிட்டி இரண்டும் இல்லை. அது இல்லாமல் ஓடாது என்று ஒரு செயலி சொன்னால் அது எனக்கு வேண்டாம். புதிதாக எதையாவது சோதித்துப் பார்க்கத் தோன்றினால் சிம் இல்லாத ஒரு பழைய போன் இருக்கிறது, அதில் வங்கிச் செயலி இல்லை, முதலில் அதில்தான் போடுகிறேன்.

அக்கா மகள் போனில்: ஆப் ஸ்டோர், வேறு எதுவும் இல்லை. அவளுக்குத் தேவையான எடிட்டருக்கு ஓர் இலவச மாற்று அங்கேயே கிடைத்தது.

அப்பா போனில்: பிளே ஸ்டோர் மட்டும். அது சாம்சங் என்பதால் ஆட்டோ பிளாக்கரை ஆன் செய்தேன், வெளியே இருந்து வரும் எந்த இன்ஸ்டாலையும் அது முழுதாக நிறுத்திவிடும். வாட்ஸ்அப்பில் மீடியா தானாக இறங்குவதையும் அணைத்தேன். தெரியாத செயலிகளுக்கான அனுமதிப் பட்டியலைத் திறந்து அவரை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன், குரோமுக்குத் திறந்திருந்தது, அதை அவரே அணைத்தார். அபராதம் உண்மையா என்று பார்க்க அரசின் வாகனத் தளமான பரிவாகனை நேரே திறந்து வண்டி எண்ணைப் போட்டுக் காட்டினேன், அபராதம் எதுவும் இல்லை. உடனே அப்பா அந்த நண்பருக்கு போன் செய்து, "உன் போன்ல ஏதோ பூந்திருக்கு, எதையும் தொடாதே, பையன் வரான்" என்றார். அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் அவர் வீட்டில் உட்கார்ந்து அந்த போனை ரீசெட் செய்து கொடுத்துவிட்டு வந்தேன்.